இடிக்கும் போண்டாவுக்கும் நடுவே ஒரு கதவு

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரியை ஒரு நகைக்கடை சபாவுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஐந்து மாதம் போய்விட்டதால் யாருக்கும் வேண்டாம். சித்தி இதன் தாளைக் கிழித்து, எண்ணெய் வடிவதற்காக வடைக்கு அடியில் போடப் போனாள். தாள் வழவழவென்று இருக்கிறது, எண்ணெய் குடிக்காது என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். சொன்னேன் என்றால், தலையை ஆட்டினேன். சித்திக்கு அது புரியும்.

என் பெயர் மங்கையற்கரசி. பெயர்தான் பெரியது. வயது பதினேழு. குரோம்பேட்டையில் இந்தச் சபாவின் கேண்டீனைச் சித்தி எடுத்து நடத்துகிறாள். நான் மாவு கரைப்பேன், சட்னி அரைப்பேன், டம்ளர் கழுவுவேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. கணக்கு வரவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம்.

எனக்குப் பேச வரும். ஆனால் எதிரில் ஒருவர் நின்று என் வாயையே பார்த்தால், சொல்ல வந்த சொல் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் சபா மெம்பர்களில் பாதிப் பேர் என்னை ஊமை என்று நினைக்கிறார்கள். பத்மாசனி மாமி முதலில் இரண்டு விரலைக் காட்டுவார், பிறகு காற்றில் ஒரு உருண்டை பிடிப்பார், பிறகு வாயைத் தொடுவார். இரண்டு போண்டா என்று பொருள். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது வசதியாக இருக்கிறது. வாய் இல்லாத பெண்ணுக்குக் காதும் இருக்காது என்று அவர்களே முடிவு செய்துகொண்டு, என் முன்னால் எல்லாக் கதையையும் பேசுகிறார்கள். மாமியின் மருமகளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு மாமியின் மகனுக்கே தெரியாது.

இன்று ஒரு வண்டி நிறைய சாமான் வந்து இறங்கியது. வட்டம் வட்டமாக, பெரிதும் சிறிதுமாக டிரம்கள். சித்தி கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள்.

“என்னாடி இது, இத்தினி அண்டா? நமக்குப் போட்டியா கேண்டீன் போடப் போறாங்களா?”

போட்டி இல்லையாம். ராக் இசை நாடகமாம். சபாவுக்கு இளவட்டங்கள் வருவதில்லை என்று செயலாளர் ராமசேஷன் சாருக்குக் கவலை. அதனால் நான்கு சனிக்கிழமைகள் இந்த நாடகம். பெயர் ‘பானைக்குள் இடி’.

ஜூன் 5, வியாழன்

ஒத்திகை. டீ கொண்டுபோகும் சாக்கில் கொஞ்சம் பார்த்தேன்.

கதை இதுதான். ஓர் ஊரில் ராஜா சத்தத்தைத் தடை செய்துவிடுகிறார். குழந்தை அழக்கூடாது, உலக்கை இடிக்கக்கூடாது. ஒரு பெண் மட்டும் வானத்தில் இருந்து விழுந்த இடி ஒன்றைப் பிடித்துப் பானைக்குள் மூடி வைத்திருக்கிறாள். கடைசியில் மூடியைத் திறக்கிறாள். அப்போது மேடை முழுக்க இருட்டி, டிரம்ஸ் மட்டும் தனியாக ஏழு நிமிடம் வாசிக்கும். அதுதான் இடி.

டிரம்ஸ் வாசிப்பவர் பியூலா அக்கா. பெரம்பூர். சின்ன வயதில் இருந்து சர்ச்சில் வாசிக்கிறாராம். கை முழுக்க வளையல், வாசிக்கும்போது கழற்றி என் டீ தட்டில் போட்டார்.

“சக்கர இல்லாம ஒண்ணு. உன் பேரு என்னம்மா?”

என் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார். சொல் உட்கார்ந்துகொண்டது. அக்கா கொஞ்சம் காத்திருந்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, குச்சியால் மேசை விளிம்பில் தட்டினார். டக்க, டக, டக. கேள்வி கேட்பதுபோல் இருந்தது. எனக்கும் என்ன ஆயிற்றோ, டீக்கரண்டியால் தட்டில் பதில் தட்டிவிட்டேன்.

“அட! ஏழுல வாசிச்சேன், நீயும் ஏழுலயே குடுக்கற. எங்க கத்துக்கிட்ட?”

எங்கும் கற்றுக்கொள்ளவில்லை. அக்கா ஏழு ஏழாக அடிக்கிறார். ஐந்தாவது சுற்றில் ஒன்றைத் தள்ளி வைத்து எட்டாவதில் கொண்டுவந்து சேர்க்கிறார். கேட்டால் யாருக்கும் தெரியும்.

சாயங்காலம் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவில் ஒரு பள்ளம். சித்தி கேட்டாள். பூனை குதித்திருக்கும் என்று கையைக் காட்டினேன்.

ஜூன் 7, சனி

முதல் காட்சி. ஒரு தவறும் நடக்கவில்லை, ஆனால் எல்லாம் தவறாகிவிட்டது.

சபாவில் ஒரு வழக்கம் உண்டு. கச்சேரியில் பாடகர் நிறுத்தி, மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் நேரத்தை ‘தனி’ என்பார்கள். தனி ஆரம்பித்ததும் மெம்பர்கள் எழுந்து கேண்டீனுக்கு வருவார்கள். யாருக்கும் யார் மீதும் கோபம் இல்லை. அதுதான் போண்டா நேரம். சித்திக்குக் கடிகாரமே வேண்டாம். தனியின் முதல் அடி காதில் விழுந்ததும் மாவை வாணலியில் விடுவாள். மெம்பர்கள் வந்து சேரும்போது போண்டா சரியாகச் சிவந்திருக்கும்.

இன்றும் மேடையில் மூடி திறந்தது. டிரம்ஸ் தொடங்கியது. சித்தி ரேடியோவை அணைத்துவிட்டுச் சொன்னாள்: “தனி ஆரம்பிச்சாச்சு. மாவ எடுடி.”

நான் மாவை எடுத்துக் கொடுத்தேன். அடுப்பங்கரைக்கும் அரங்கத்துக்கும் நடுவே ஒரு கதவு இருக்கிறது. ‘எப்போதும் மூடி வைக்கவும்’ என்று அதில் எழுதியிருக்கும். அடுப்பங்கரையில் ஒரே புழுக்கம். அதனால் கதவைத் திறந்து, உருளைக்கிழங்கு மூட்டையை முட்டுக் கொடுத்தேன். காற்றுக்காகத்தான். டிரம்ஸ் நன்றாகக் கேட்டது என்பது வேறு விஷயம்.

கொஞ்ச நேரத்தில் நரைத்த தலைகள் எல்லாம் எழுந்து வந்துவிட்டன. பத்மாசனி மாமி முதல் ஆள். அரங்கத்தில் பாதி நாற்காலி காலி. மேடையில் இருந்து பியூலா அக்கா பார்த்திருப்பார்.

காட்சி முடிந்து அக்கா டீ குடிக்க வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

டைரக்டர் நிகிலன் சார் சபா வாசற்படியில் உட்கார்ந்து, குடுமியை அவிழ்த்துக் கட்டி, அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். செயலாளர் சார் ஆறுதல் சொன்னார்.

“இது உங்க தப்பு இல்ல நிகிலன். அறுபது தாண்டினா டிரம்ஸ் ஆகாது. முப்பது தாண்டலேன்னா மிருதங்கம் ஆகாது. இது இயற்கை.”

“என் இடி நடுவுல எழுந்து போறாங்க சார். இடி விழும்போது எவனாவது எழுந்து போவானா?”

“வயசு ஆனவா இடின்னா உள்ளதான் போவா” என்றார் செயலாளர் சார்.

அது ஆறுதலா என்று தெரியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பஜனை நாள். கேண்டீனில் கூட்டம். பேச்சு முழுக்க நாடகம்தான்.

“அந்த ரெண்டாவது பாட்டு இருக்கே, மோகனத்துல ஆரம்பிச்சு எங்கேயோ வழுக்கிண்டு போறது. ராத்திரி பூரா என் வாயில அதுதான்” என்றார் பத்மாசனி மாமி. மாமிக்கு எழுபத்து நான்கு.

ஜம்புநாதன் மாமா எண்பதைத் தாண்டியவர். காதில் மிஷின் வைத்திருப்பவர். “சத்தம் ஜாஸ்திதான். மிஷினக் கழட்டி சட்டைப் பையில போட்டுண்டேன். அப்புறம் பாரு, அமிர்தம்! பத்து வருஷத்துல நான் மிஷின் இல்லாம கேட்ட மொதக் கச்சேரி இதுதான்.”

“அந்தப் பொண்ணு என்னமா அடிக்கறது! தனி ஆரம்பிச்ச எடுப்பே எடுப்பு” என்றார் இன்னொருவர்.

“ஆமா, ஆமா. அதான் நான் உடனே எழுந்துண்டுட்டேன்” என்றார் மாமி.

பிடிக்கவில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் இதைச் செயலாளர் சாரிடம் சொல்லவில்லை. அவரைப் பார்த்தால் மின்விசிறி ஓடவில்லை, கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றுதான் சொல்வார்கள். பாராட்டை எல்லாம் போண்டாவோடு சேர்த்துத் தின்றுவிடுகிறார்கள்.

மாடிவீட்டுப் பிள்ளைகள் புதுப் புத்தகத்துக்கு அட்டை போடுகிறார்கள். வாசனை படி இறங்கி வந்தது. எழுந்து நின்று சத்தமாகப் படி என்று யாரும் சொல்லாத வரைக்கும் புத்தகம் நல்ல பொருள்தான்.

ஜூன் 14, சனி

இரண்டாவது காட்சி. இந்த முறை கல்லூரியில் இருந்து ஒரு பேருந்து நிறைய மாணவர்களை இலவசமாக அழைத்து வந்தார்கள். இரண்டு பையன்கள் கடைசி வரிசையில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். ஒரு பெண் இடைவேளையில் தலைவலி மாத்திரை கேட்டு வந்தாள். காதில் எப்போதும் பாட்டுக் கேட்கும் குமிழை மாட்டியிருக்கிறாளே, அவளுக்கே சத்தம் தாங்கவில்லை. ஒரு ஆறு வயதுக் குழந்தை மட்டும் நாற்காலி மேல் ஏறி ஆடியது. அதன் அம்மா இறக்கிவிட்டதும் மறுபடி ஏறியது.

மூடி திறந்தது. மாவு விழுந்தது. கதவைத் திறந்தேன். இன்று முட்டுக் கொடுத்த மூட்டை நழுவிவிடக்கூடாது என்று இரண்டு மூட்டை வைத்தேன்.

நரைத்த தலைகள் எழுந்து வந்தன. முதல் முறையைவிட அதிகம். அவர்களுக்குப் பின்னால், தூங்கி எழுந்த அந்த இரண்டு பையன்களும்.

அக்கா ஏழு நிமிடம் வாசிக்கவில்லை. நடுவிலேயே முடித்துவிட்டார். எனக்கு மட்டும் தெரிந்தது. தள்ளி வைத்த ஒன்றை எடுத்துச் சேர்க்கவே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

கதவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

சம்பந்தம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக இல்லை, சும்மாதான். மத்தியானம் அரங்கத்தில் யாரும் இல்லை. சித்தி போண்டா போடும்போது கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே போய் மூன்றாவது வரிசையில், மாமி உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் இஞ்சி வந்தது. அப்புறம் கறிவேப்பிலை. அப்புறம் பச்சை மிளகாய் பொரிகிற வாசனை வந்து முழங்கையைப் பிடித்து இழுத்தது. காலையில்தான் நாலு இட்லி தின்றிருந்தேன். என் கால் தானாக எழுந்துகொண்டது.

கதவை மூடினேன். வாசனை நின்றுவிட்டது. அந்தக் கதவில் அப்படி எழுதி வைத்ததற்குக் காரணம் இருந்திருக்கிறது.

சாயங்காலம் செயலாளர் சாரும் டைரக்டரும் பேசி முடிவு எடுத்துவிட்டார்கள். வரும் சனிக்கிழமையில் இருந்து டிரம்ஸ் தனி கிடையாது. மூடியைத் திறந்ததும் ஒரே ஒரு தட்டு, அவ்வளவுதான். பெரியவர்கள் அதற்கும் எழுந்து போனால் நாடகமே நிறுத்தம். அதற்குப் பதில் மாமியார் மருமகள் நகைச்சுவை நாடகம்.

பியூலா அக்கா கேட்டார்: “இடி இல்லாத பானைய வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? சட்டி பான கட போடவா?”

நான் டீ கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம்.

ஜூன் 19, வியாழன்

அண்டாவில் இரண்டாவது பள்ளம். பூனைக்குச் சித்தி பொறி வாங்கி வைத்திருக்கிறாள்.

ஜூன் 21, சனி

மூன்றாவது காட்சி. மூடி திறந்தது. டங். அவ்வளவுதான். அடுத்த பாட்டு.

சித்தி கரண்டியைப் பிடித்தபடியே காத்திருந்தாள். “என்னாடி, தனியே வரல? கச்சேரி முடிஞ்சே போச்சா?” மாவு பாத்திரத்திலேயே கிடந்தது. தனி வரவில்லை, வாசனையும் வரவில்லை. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

நாடகம் முடிந்ததும் செயலாளர் சார் முகம் பௌர்ணமியாக இருந்தது. “பாத்தேளா நிகிலன்? டிரம்ஸை வெட்டினோம், ஒரு ஜீவன் அசையல. நான் சொன்னேன் இல்லையோ, வயசுதான் விஷயம்.”

நிகிலன் சார் குடுமியை அவிழ்த்துக் கட்டினார். மதுரையிலும் கோவையிலும் இந்த நாடகத்தைக் கேட்டிருக்கிறார்களாம். இனி எல்லா ஊருக்கும் இப்படியேதான் போகுமாம். பியூலா அக்கா அடுத்த சனிக்கிழமையோடு சரி என்று சொல்லிவிட்டார்.

நான் டீ தட்டோடு கேண்டீனுக்குத் திரும்பினால், அங்கே மெம்பர்கள் சித்தியிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அடுப்பே பத்த வெக்கலையா?”

“நீங்க எழுந்து வந்தாத்தான போட முடியும்?” என்றாள் சித்தி.

“தனி வந்தாத்தானே எழுந்திருக்க முடியும்!” என்றார் ஜம்புநாதன் மாமா. “எங்கே போச்சு அந்த இடி? அந்தப் பொண்ணு அவ்வளவு ஆசையா மூடியத் தெறக்கறா, உள்ள ஒண்ணுமே இல்ல. ஏமாந்த சோணகிரி மாதிரி உக்காந்திருந்தேன்.”

“யாராவது போய்ச் சொல்லுங்கோளேன்” என்றார் மாமி.

“சொல்லுவா, சொல்லுவா.”

எல்லோரும் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இந்தப் பக்கம் பேசியதும் அந்தப் பக்கம் பேசியதும் இரண்டையும் கேட்டவள் நான் ஒருத்திதான்.

ஜூன் 23, திங்கள்

அக்காவிடம் சொல்லலாம் என்று காலையில் முடிவு செய்தேன். மத்தியானம் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. சாயங்காலம் அக்கா வந்தார். நான் டீ கொடுத்தேன். அவர் மேசையில் தட்டினார். டக்க, டக, டக. நான் பதில் தட்டவில்லை. தட்டிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

அக்கா டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இன்னொரு பயமும் இருக்கிறது. சொல்லி, கதவை மூடி, போண்டாவையும் நிறுத்தி, அப்புறமும் அவர்கள் எழுந்து போனால்? அப்போது உண்மையிலேயே பிடிக்கவில்லை என்று ஆகிவிடும். இப்போதாவது அக்காவுக்குச் சந்தேகம் மிச்சம் இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மேடையில் கடைசி ஒத்திகை. செயலாளர் சார் கீழே முதல் வரிசையில். நிகிலன் சார் மேடை விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அக்கா குச்சிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். சித்தி டம்ளர் பொறுக்க வந்திருந்தாள். நான் தட்டோடு நின்றேன். யாரும் என் வாயைப் பார்க்கவில்லை. அதுதான் நல்ல நேரம் என்று பட்டது. நான் பெரிய டிரம்மைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

“கதவத் தெறந்து வெச்சது நான்தான்.”

எல்லோரும் திரும்பினார்கள். திரும்பாமல் இருந்திருக்கலாம். ஆனால் வண்டி கிளம்பிவிட்டது, இனி நிறுத்த முடியாது.

“போண்டா வாசன உள்ள வந்துச்சு. தனி வந்தா எல்லாரும் போண்டாவுக்கு எழுந்து வருவாங்க. கச்சேரிக்கும் அப்பிடித்தான். டிரம்ஸ் புடிக்காம வரல. புடிச்சிருக்கு. போன வாரம் இடி எங்கன்னு என்கிட்டதான் கேட்டாங்க. என்கிட்டன்னா, என் முன்னாடி.”

அரங்கம், சத்தத்தைத் தடை செய்த ராஜா ஆளும் ஊர்போல இருந்தது.

“இரு, இரு” என்றார் நிகிலன் சார். “மூணு வருஷம் உக்காந்து எழுதின இடி. அது ஒரு போண்டாகிட்ட தோத்துடுச்சுன்னு சொல்றியா?”

“என் போண்டாவ என்னான்னு நெனச்சீங்க?” என்றாள் சித்தி.

“அப்ப என் கணிப்பு?” என்று செயலாளர் சார் எழுந்தார். “அறுபது வயசு?”

“சார், அந்தக் கல்லூரிப் பசங்களும்தான எழுந்து வந்தாங்க? அவங்களுக்கு அறுபதா?” இதையும் நான்தான் கேட்டேன். எனக்கே ஆச்சரியம்.

அக்கா குச்சிகளைத் துணியில் இருந்து மறுபடி எடுத்தார். “ஒண்ணே ஒண்ணு பண்ணிப் பாத்துடலாம் சார். சனிக்கெழம முழுத் தனியும் வாசிக்கிறேன். கதவ மூடுங்க. அடுப்ப நாடகம் முடிஞ்சப்புறம் பத்த வைங்க. அதுக்கும் எழுந்து போனா நானே மூட்ட கட்டிக்கிறேன். யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேணாம்.”

செயலாளர் சார் ஒப்புக்கொண்டார். சித்திதான் ஒப்புக்கொள்ளவில்லை.

“அடிப்பாவி! இத்தினி வருஷமா வாயத் தொறந்ததில்ல. தொறந்த அன்னிக்கு என் அடுப்புலயா தண்ணி ஊத்தணும்?”

வீடு வரும்வரை திட்டினாள். வாசற்படி ஏறும்போது நின்றாள். “சத்தமாத்தான் பேசற. கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு” என்றாள். அதையும் திட்டுகிற குரலிலேயே சொன்னாள்.

ஜூன் 28, சனி

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

கதவை மூடினேன். உருளைக்கிழங்கு மூட்டையைக் கதவு திறக்காதபடி இந்தப் பக்கம் சாய்த்து வைத்தேன். அடுப்பு அணைந்திருந்தது. சித்தி கையைக் கட்டிக்கொண்டு அதன் முன் உட்கார்ந்திருந்தாள். கோயில் நடை சாத்தியதுபோல் இருந்தது. கதவு மூடினால் எனக்கு டிரம்ஸ் மங்கலாகத்தான் கேட்கும். ஆனால் அக்கா முன்பே சொல்லிவிட்டார்: “நீ உள்ள உக்காந்து பாரு. உன்ன நம்பித்தான் வாசிக்கிறேன்.” இதைவிடத் திட்டியிருக்கலாம்.

கடைசி வரிசையில் ஓர நாற்காலி. முதல் முறையாக நாடகத்தை டீ தட்டு இல்லாமல் பார்த்தேன்.

அந்தப் பெண் பானையைத் தூக்கினாள். மூடி திறந்தது. இருட்டு, டிரம்ஸ் மேல் மட்டும் ஒரு விளக்கு. முதல் அடி விழுந்தது.

மூன்றாவது வரிசையில் பத்மாசனி மாமி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மாமியைத் தொடர்ந்து இன்னும் பலர் எழுந்தார்கள். நரைத்த தலைகள் வரிசை வரிசையாக மேலே வந்தன. முதல் வரிசையில் செயலாளர் சார் டைரக்டர் பக்கம் திரும்புவது தெரிந்தது. மேடையில் அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

மாமி மூக்கைத் தூக்கினார். இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. பக்கத்து மாமாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நின்றபடியே கொஞ்சம் யோசித்தார். யோசித்தபோது டிரம்ஸ் காதில் விழுந்திருக்க வேண்டும். மாமியின் வலது கை மட்டும் பையில் இருந்து வெளியே வந்து, தொடைமேல் ஒன்று தட்டியது. அப்புறம் விரல் எண்ணியது. அப்புறம் மாமி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் பின்னால் நின்றவர்களுக்கு மேடை தெரிந்தது. அவர்களும் உட்கார்ந்தார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் நடந்து வெளியே போனார். அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

முதலில் ஒரு தொடை. பிறகு பத்துத் தொடை. பிறகு அரங்கத்தின் அந்தப் பாதி முழுக்கத் தாளம் போட்டது. இன்றும் வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் இதைக் கேட்டுத் தாங்களும் கைதட்டினார்கள், ஆனால் தப்பாக. மாமி பக்கத்து இருக்கைப் பையனின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“ஏழுடா! ஏழு! எட்டாவதுல எங்கே போறே?”

அக்கா கண்ணைத் திறந்துவிட்டார். தாளம் கீழே இருந்து வருவது கேட்டதும் அவர் வாசிப்பே மாறியது. கொஞ்சம் நிறுத்துவார், கீழே இருந்து ஏழு தட்டு வரும். அவர் பதில் கொடுப்பார். ஐந்தாவது சுற்றில் ஒன்றைத் தள்ளி வைத்தார். எட்டாவதில் கொண்டுவந்து சேர்த்தார். எல்லாக் கையும் ஒரே இடத்தில் வந்து விழுந்தது. உண்மையிலேயே இடி.

அது ஓய்ந்த அமைதியில், காது மிஷின் சட்டைப் பையில் இருக்க, தான் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஜம்புநாதன் மாமா சொன்னது தெருவரைக்கும் கேட்டிருக்கும்:

“முடிஞ்சுடுத்தா? இன்னொண்ணு அடிக்கச் சொல்லு!”

அரங்கமே சிரித்தது. மேடையில் ராஜாவும் சிரித்துவிட்டார். சத்தத்துக்குத் தடை போட்டவர்.

நாடகம் முடிந்ததும் பசியோடு கூட்டம் கேண்டீனில் வந்து விழுந்தது. வெளியே போன அந்த இளைஞர் முதல் ஆளாக நின்றிருந்தார். நாடகம் ஓடும்போதே கதவைத் தட்டி, “போண்டா இல்லையாக்கா?” என்று மூன்று முறை கேட்டாராம். சித்தியின் வாணலி ஓயவில்லை. “தெனம் இதேமாதிரி பட்டினி போட்டு அனுப்பச் சொல்லுடி” என்று என் காதில் சொன்னாள்.

செயலாளர் சார் பியூலா அக்காவுக்குக் கை கொடுத்தார். ஆனால் தன் கணிப்பை விடவில்லை. “அறுபது தாண்டினா டிரம்ஸ் பிடிக்கும். போண்டா இல்லாத பட்சத்துல. இது இயற்கை.” நிகிலன் சார் மதுரைக்குப் போன் போட்டு, முழு இடியும் வருகிறது, ஆனால் அந்த நேரத்தில் கேண்டீனை மூடி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா மதுரைக்கும் போகிறார், கோவைக்கும் போகிறார். போகும்போது மேசையில் தட்டினார். நான் பதில் தட்டினேன். கடைசியில் தள்ளி வைத்த ஒன்றையும் சேர்த்தேன்.

இதோடு முடித்திருக்கலாம். பத்மாசனி மாமி வந்தார். இரண்டு விரலைக் காட்டினார். காற்றில் உருண்டை பிடித்தார். வாயைத் தொட்டார்.

எனக்குச் சந்தோஷத்தில் மறந்துவிட்டது.

“ரெண்டு போண்டாவா மாமி? தேங்காச் சட்னியா, காரச் சட்னியா?”

மாமியின் உருண்டை காற்றிலேயே நின்றது.

“ஏண்டி... நீ பேசுவியா?”

“பேசுவேன் மாமி.”

“காது?”

“கேக்கும் மாமி.”

மாமி சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “இத்தனை நாளா நான் இங்க நின்னுண்டு பேசினதெல்லாம்?”

“கேட்டேன் மாமி.”

“எல்லாமுமா? அந்த... மருமகள் பாயச விஷயம்?”

நான் யோசித்தேன். “காரச் சட்னிதான மாமி?” என்றேன்.

மாமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். “சமத்து” என்றார்.

ஜூன் 29, ஞாயிறு

விடுமுறை. அண்டாவில் மூன்றாவது பள்ளம். பெரியது.

சித்தி பொறியைத் தூக்கிக்கொண்டு எல்லா மூலையிலும் பூனையைத் தேடினாள். “எங்கடி அந்தப் பூன?” என்று கேட்டுக்கொண்டே போனாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பூன இல்ல சித்தி. நான்தான்.”

சித்தி அண்டாவைப் பார்த்தாள். என் கையில் இருந்த இரண்டு கரண்டிகளைப் பார்த்தாள். பொறியைக் கீழே வைத்தாள்.

“பூனையே தேவல” என்றாள்.